எழுப்பாத பள்ளிக்கூடம்

ரூபி டீச்சர் வேலையை விட்டபோது ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள் சிலர். வெளிநாட்டுப் பணம் வருகிறது, சும்மாவா வேலையை விடுவாள் என்றார்கள் வேறு சிலர். தலைமையாசிரியையோடு சண்டை என்று சொன்னவர்கள்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்கள். ஆனால் அந்தச் சண்டை எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து மணியை எத்தனை மணிக்கு அடிப்பது என்பதுதான் சண்டை.

நிலக்கோட்டையில் ரூபி வேலை பார்த்த பள்ளியில், அவளுடைய ஒன்பதாம் வகுப்பில், ஜீவிதா என்று ஒரு பெண் படித்தாள். அப்பா வேலுசாமிக்கு ஊருக்கு மேற்கே ஒரு துண்டு மல்லிகைத் தோட்டம். மல்லிகை பறிக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ராத்திரி பாதிதான். வெயில் ஏறினால் மொட்டு வாடிவிடும், நேரமானால் மார்க்கெட்டில் விலை விழுந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, நெற்றியில் டார்ச் லைட்டை மாட்டிக்கொண்டு, மடியைக் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்க வேண்டும். பறித்து முடித்துப் பூ வண்டியேறிய பிறகுதான் குளியல், பழைய சோறு, யூனிஃபார்ம் எல்லாம். பள்ளிக்கூடத்திலோ ஒன்பது மணிக்கெல்லாம் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

ஜீவிதா ஓடி வருவதை ரூபி கேட்டுக்கு உள்ளேயிருந்து தினமும் பார்த்தாள். ஒரு கையில் பையும் ஒரு கையில் செருப்புமாக, பின்னாத தலையோடு ஓடி வருவாள். பத்தில் இரண்டு நாள்தான் உள்ளே வருவாள். வந்த நாளிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவாள். அந்தத் தூக்கத்திலும் கணக்கைச் சரியாகப் போடுவாள் என்பதுதான் ரூபியின் நெஞ்சை அறுத்தது. மக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் தானும் மற்ற டீச்சர்களைப் போல இருந்திருப்போமோ என்று அவள் பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

“அந்தப் புள்ளைய மட்டும் பத்து மணிக்கு உள்ள விடலாமா சிஸ்டர்?” என்று தலைமையாசிரியையிடம் கேட்டாள்.

“ஒருத்திக்காக பெல்ல மாத்த முடியுமா ரூபி?” என்றார் அவர். “நாளைக்கு இன்னொருத்தி பதினோரு மணிக்கு வாரேம்பா.”

அவரும் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ரூபிக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பும்போது, சின்னாளபட்டி தாண்டுவதற்குள், ஒருத்திக்காக மணியை மாற்றினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று முடிவுக்கு வந்துவிட்டாள். அந்த வாரமே ஜீவிதா பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ரூபி தோட்டத்துக்கே போய்ப் பார்த்தாள். ஜீவிதா வரப்பில் நின்று நகத்தில் ஒட்டியிருந்த பச்சைக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு ஸ்கூலு ஆரம்பிக்கப் போறேன். பூப் பறிச்சு முடிச்சுட்டு வந்தாப் போதும். வருவியா?”

“எனக்காகவா டீச்சர்?”

“உனக்காகத்தான்னு வச்சுக்கயேன்.”

அந்தப் பெண் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. ரூபிக்கு அதற்குப் பிறகு வந்த அத்தனை அலைச்சலுக்கும் அந்தச் சிரிப்புத்தான் சம்பளம்.

அலைச்சல் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. இடம் கிடைக்கவே ஒரு வருடம் ஆயிற்று. கடைசியில் கிடைத்தது ரோட்டோரம் மூடிக் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை. நீளமான கூடம், இடுப்புயரச் சுவர், அதற்கு மேலே கம்பி வலை. கழுவக் கழுவ வாடை போகவில்லை. “கோழி இருந்த எடத்துல குஞ்சு வளக்கப் போறா” என்று திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவள் கணவன் செபஸ்தியான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

மணி பத்தரைக்கு என்று முடிவாயிற்று. முகூர்த்த நாளில் பூவுக்குக் கிராக்கி, பிள்ளைகள் யாரும் தோட்டத்தை விட்டு வர மாட்டார்கள். ஆகையால் அன்றைக்குப் பள்ளிக்கு லீவு. இதற்காக ரூபி முகூர்த்த நாள் போட்ட காலண்டர் ஒன்றை வாங்கி, மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். “டீச்சர், அடுத்து ராகு காலம் பாத்துப் பூசைக்கு வருவீங்களோ?” என்று பங்குச் சாமியார் கேலி செய்தார். வந்தால் என்ன என்பது போல ரூபி ஒரு பார்வை பார்த்தாள்.

இத்தனையும் செய்து, கூரை மாற்றி, கரும்பலகை அடித்துக் கொட்டகையைத் திறப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இரண்டு வருடம் ஒரு பெண்ணை வீட்டில் சும்மா வைத்திருக்க வேலுசாமிக்குப் பொறுமை இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கிற ஒருத்தர் வந்தார். ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, காவல் உண்டு, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு ஆகும் என்றார். ஜீவிதாவை யாரும் கேட்கவில்லை. பள்ளி திறப்பதற்கு ஆறு மாதம் முன்னால் அவள் மில் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

திறந்த அன்று ரூபி பத்தரைக்கு மணி அடித்தாள். பூந்தோட்டத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். மணியை மாற்றியாகிவிட்டது. யாருக்காக மாற்றினாளோ, அவள்தான் இல்லை.

அன்றைக்கே இன்னொரு சங்கதியும் தெரிந்தது. ரூபி வாய் வலிக்கப் பாடம் எடுக்க, பிள்ளைகளின் தலை ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. அரைமணி நேரத்தில் மொத்தக் கொட்டகையும் தூங்கிவிட்டது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. மறுநாள் செபஸ்தியானிடம் சொல்லிக் கோரைப்பாய்கள் வாங்கிவந்தாள். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் முதல் பாடம் தூக்கம். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். தூங்குகிற பிள்ளையை யாரும் எழுப்பக் கூடாது. அதுவாக எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும். இருட்டோடு தட்டி எழுப்பப்பட்ட பிள்ளை, நாளில் ஒரு முறையாவது தானாக விழிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

ஊரில் சும்மா இருப்பார்களா? வேலுசாமியே ஒருநாள் ரோட்டில் நிறுத்திக் கேட்டார்.

“தூங்குறதுக்கா டீச்சர் ஸ்கூலு? அத வீட்டுலயே தூங்கிட்டுப் போகுதுக.”

“வீட்டுல தூங்க விடுறீகளா?” என்றாள் ரூபி.

அதோடு அவர் அவளோடு பேச்சை விட்டுவிட்டார். ரூபியும் அந்த வீட்டுப் பக்கம் போவதை விட்டாள். ஆனால் ஜீவிதாவின் அம்மா பொன்னழகு மட்டும், பூ எடை போடுகிற இடத்தில் எதிர்ப்பட்டால், யாரும் பார்க்காதபோது இரண்டு வார்த்தை சொல்லுவாள். மகள் இளைத்துவிட்டாள், பஞ்சுத் தூசியில் இருமுகிறாள், தீபாவளிக்கு விடவில்லை, பொங்கலுக்கு விடுவார்கள் என்பது போல. ரூபி ஒன்றும் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வாள்.

பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். அரசுப் பள்ளியில் பெயர் மட்டும் இருந்த பிள்ளைகள், ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பெருக்கல் வாய்பாட்டை விழுங்கினார்கள். ரூபிக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பத்தரைக்கு மணி அடித்துவிட்டு ரோட்டைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கையில் செருப்போடு யாரோ ஓடி வருகிற மாதிரி இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் பார்த்தாள். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுப் புத்தகங்களை ஒரு செட் வாங்கி, அட்டை போட்டு, வேறு எந்தப் பிள்ளையும் தொடாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு ஜீவிதா வந்தாள். வந்துவிட்டாள் என்று போகியன்றே பொன்னழகு சொன்னாள். ரூபி போய்ப் பார்க்கவில்லை. வேலுசாமி ஏதாவது சொல்லி, அந்தப் பெண்ணின் நாலு நாள் லீவும் சண்டையாகிவிடக் கூடாது என்று பொறுத்துக்கொண்டாள். “ஒரு நட பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பிறகு திண்டுக்கல்லில் பொங்கல் வைக்கிற வீடுகளின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள். மில்லை விட்டுவிடு, நான் உன்னைப் பரீட்சை எழுத வைக்கிறேன், அப்புறம் நீயே இங்கே டீச்சராக இரு, உன் அப்பாவிடம் நான் காலில் விழுந்தாவது பேசுகிறேன். செபஸ்தியான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “மொதல்ல அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு கேளு ரூபி” என்றான்.

லீவின் கடைசி நாள். மாலை நாலு மணிக்கு மில் பஸ் வரும், அது கொட்டகை வாசலில்தான் நிற்கும். அன்றைக்கு முகூர்த்தம் இல்லை என்பதால் ரூபி பள்ளியைத் திறந்திருந்தாள். பதினோரு மணிக்கு ஜீவிதா வந்தாள். தோளில் துணிப்பை, உடம்பெல்லாம் மல்லிகை வாசம். அன்றும் இருட்டில் எழுந்து பூப் பறித்திருக்கிறாள். பதினேழு வயது என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள்.

“வா” என்றாள் ரூபி. இவ்வளவு ஒத்திகைக்கும் அதுதான் வந்தது.

“அம்மா பூவக் கொண்டுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருச்சு டீச்சர். அப்பாவுக்கு இப்பத்தான் மோட்டாருக்குக் கரண்டு வரும், தண்ணி பாய்ச்சணும். சொல்லிட்டு வந்துட்டேன்.” அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். கூடம் முழுக்கப் பிள்ளைகள் பாயில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தார்கள். “என்ன டீச்சர், எல்லாம் தூங்குதுக?”

“மொதப் பீரியடு அதான்.”

ஜீவிதா சிரித்தாள். அதே சிரிப்புத்தான், ஆனால் நடுவில் இருமல் வந்து அதைக் கெடுத்தது.

“யாரு எழுப்புவா?”

“எழுப்ப மாட்டோம். அதுகளா எந்திரிக்கும்.”

“யாரு வந்து கேட்டாலும் எழுப்ப மாட்டீகளா?”

“கலெக்டரே வந்தாலும் எழுப்பறதில்ல.”

“ஹாஸ்டல்ல ஷிப்டுக்கு ஷிப்டு விசில் ஊதுவாக டீச்சர்” என்றாள். “கனவுலயும் ஊதுது.” பிறகு சுவர் ஓரமாகப் பாயின் ஒரு நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். “செத்த நேரம் ஒக்காந்துக்கிறேன்.”

ரூபி பின்கட்டுக்குப் போய் டீ போட்டாள். அலமாரியிலிருந்து புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வருவதற்குள் ஜீவிதா பையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கியிருந்தாள். பக்கத்தில் கிடந்த ஒரு சின்னப் பிள்ளையின் கை அவள் மேல் விழுந்திருந்தது. ரூபி டீயைத் தானே குடித்தாள்.

பிள்ளைகள் எழுந்தார்கள். புதிதாக ஓர் அக்கா தூங்குவதைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். சாப்பாடு ஆயிற்று. ரூபி அந்த அக்காவுக்குச் சாதமும் வெஞ்சனமும் எடுத்து மூடி வைத்தாள். ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று, ஜீவிதா புரண்டுகூடப் படுக்கவில்லை. ரூபி சன்னக் குரலில் கணக்குப் பாடம் எடுத்தாள். பிள்ளைகளுக்கு எடுப்பதாகப் பேர், கண் முழுக்கச் சுவரோரம்தான். எழுந்துவிடு தாயி, எழுந்து ஒரு அரைமணி நேரம் என்னோடு பேசு, இதற்குத்தானே இத்தனையும் செய்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. எழுப்பலாம் என்று ஒரு முறை பக்கத்தில் போனாள். எட்டு வயது அன்புக்கரசி உதட்டில் விரலை வைத்து, “டீச்சர், எழுப்பக் கூடாது” என்றாள். ரூபி திரும்பி வந்தாள்.

மூன்றரை மணிக்கு அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகு போக மாட்டேன் என்றது.

இந்தப் பெண் இப்படியே தூங்கினால் பஸ் போய்விடும். லீவு முடிந்து பஸ்ஸை விட்டவளை மில்லில் திரும்பச் சேர்ப்பதில்லை என்று பொன்னழகு சொல்லியிருக்கிறாள். வார்டன் அம்மா கேட்டையே திறக்க மாட்டாராம். வேலுசாமி குதிப்பார், குதிக்கட்டும். யாரும் ரூபியைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் எழுப்பும் வழக்கம் இல்லை என்றால் தீர்ந்தது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும், இத்தனை நாள் ஏங்கியது தன்னால் கையில் வந்து விழும். மாதாவே, பஸ் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விட வேண்டும் என்று ரூபி வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள்.

பஸ் நாலு மணிக்கு வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னலெல்லாம் ஜீவிதா வயசுப் பெண்கள். கொட்டகைக்குள் பிள்ளைகள் ரூபியைப் பார்த்தார்கள், ரூபி ஜீவிதாவைப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கும் அவள் இமை அசையவில்லை.

இரண்டாவது ஹாரனும் அடித்தார். இன்னும் ஒன்றோடு போய்விடுவார்.

அப்போதுதான் செபஸ்தியான் சொன்னது பொறி தட்டியது. இந்தப் பெண்ணை யார் என்ன கேட்டார்கள்? கேட்டைச் சாத்தியபோது கேட்கவில்லை. அப்பா மில்லுக்கு ஏற்றிவிட்டபோதும் கேட்கவில்லை. இப்போது தூக்கத்தில் வைத்து அவளுடைய பிழைப்பை முடித்துவிட்டு, உன் நல்லதுக்குத்தான் என்று சொன்னால், தானும் அந்த வரிசையில் மூன்றாவது ஆள்தானே? நாளைக்கு எழுந்து, ஏன் டீச்சர் என்னை எழுப்பவில்லை என்று அவள் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? ரூபி பாயில் மண்டி போட்டாள். அன்புக்கரசி வாயைப் பிளந்து பார்க்க, அந்தத் தோளைத் தொட்டு அசைத்தாள்.

“ஜீவிதா. எந்திரி தாயி. பஸ் வந்துருச்சு.”

ஜீவிதா கண்ணைத் திறந்தாள். ஒரு நொடி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். பிறகு ரூபியின் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ரூபி புத்தகங்களை வாரிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

“தூங்கிட்டியேன்னு பாத்தேன். பேசவே இல்ல. ஞாயித்துக்கிழம ஹாஸ்டலுக்கு வாரேன், பாக்க விடுவாங்களா?”

“பெத்தவுகள மட்டுந்தான் விடுவாக டீச்சர்.”

அவள் படியில் ஏறினாள். புத்தகங்களை வாங்கிப் பைக்குள் திணித்தாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, தூக்கம் கலையாத குரலில், கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னாள்.

“இன்னுஞ் செத்த நேரம் விட்டிருக்கலாம்ல டீச்சர். எழுப்ப மாட்டோம்னீகளேன்னுதான் படுத்தேன்.”

கதவு சாத்திக்கொண்டது. ரூபிக்கு உடனே புரியவில்லை. பஸ் அசைந்து, நாலு அடி நகர்ந்த பிறகு புரிந்தது. நாலு மணி பஸ்ஸுக்குப் பதினோரு மணிக்கே பையோடு வந்தவள். கேட்கத்தான் கேட்டிருக்கிறாள், அவளால் முடிந்த விதத்தில். தன் வாயால் மாட்டேன் என்று சொல்ல முடியாத பெண், எழுப்பாத இடம் ஒன்று இருக்கிறது என்று நம்பி வந்து படுத்திருக்கிறாள்.

ரூபி ஓடினாள். ஐம்பது வயதில், சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் புழுதிக்குள் ஓடினாள். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினாள். மற்றக் கையை உயரத் தூக்கி ஆட்டினாள். டிரைவருக்கு அது கேட்கவில்லை. ஜன்னலோரத்துப் பெண்கள்தான் பார்த்தார்கள். யாரோ ஒரு டீச்சர் வழியனுப்ப ஓடி வருகிறாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். வீட்டை விட்டுப் போகிற துக்கத்தை மறந்து, எல்லா ஜன்னலிலிருந்தும் கையை வெளியே நீட்டி அவர்களும் ஆட்டினார்கள். ரூபி ஆட்ட ஆட்ட அவர்களும் ஆட்டினார்கள். அத்தனை கைகளில் ஜீவிதாவின் கை எது என்று ரூபிக்குத் தெரியவில்லை.